வலிக்காத காலும் எண்ணிப் போட வேண்டிய மாத்திரையும்



சர்க்கரை நோயாளிகளின் பாதப் பராமரிப்பு பற்றிச் சென்ற இதழில் வெளியான கட்டுரைக்கு நிறையக் கடிதங்கள் வந்தன. செருப்பு எங்கே வாங்குவது, நகத்தை எப்படி வெட்டுவது, ஆணிக்கால் இருந்தால் என்ன செய்வது என்றெல்லாம் கேட்டிருந்தீர்கள். அவற்றுக்கு நடுவே ஒரே கேள்வி வேறு வேறு கையெழுத்தில் திரும்பத் திரும்ப வந்திருந்தது. "அப்பாவுக்குக் கால் புண்ணில் சீழ் வைத்திருந்தது. டாக்டர் இரண்டு வாரத்துக்கு ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுத்தார். நாலைந்து நாளிலேயே வீக்கம் வடிந்துவிட்டது. இனி மாத்திரையை நிறுத்திவிடலாமா?" சிலர் கேட்கவே இல்லை, நிறுத்திவிட்டதாகவே எழுதியிருந்தார்கள்.

எழுதிக் கொடுத்த டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள் என்று ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். அந்த ஒரு வரியைத்தான் எல்லோரும் காலகாலமாகச் சொல்லிவருகிறோம். மாத்திரை அட்டைகளோ பாதியிலேயே அலமாரிக்குப் போய்க்கொண்டுதான் இருக்கின்றன. அதனால் இந்த மாதம் இந்தப் பக்கத்தை முழுக்க இதற்கே ஒதுக்கிவிட்டேன்.

பல் வலிக்கு மாத்திரை போடுகிறவருக்கு நினைவூட்ட ஆள் வேண்டாம். ஒரு வேளை தப்பினால் பல்லே சொல்லிவிடும். சர்க்கரை நோயாளியின் பாதம் அப்படிச் சொல்லாது. வருஷக்கணக்கில் சர்க்கரை கட்டுக்குள் இல்லாமல் போனால் பாதத்து நரம்புகள் மரத்துப்போகின்றன. முள் குத்தினாலும் தெரியாது, செருப்பு கடித்தாலும் தெரியாது, உள்ளே சீழ் கோத்தாலும் தெரியாது. ஆணி ஏறிய செருப்போடு பகல் முழுக்க நடந்துவிட்டு, ராத்திரி அதைக் கழற்றும்போது ரத்தத்தைப் பார்த்துத் திடுக்கிட்டவர்கள் உண்டு. மருந்து வேலை செய்கிறதா, கிருமி மறுபடி கிளம்புகிறதா என்று உள்ளிருந்து சேதி சொல்ல வேண்டிய வலி அங்கே கிடையாது. வீக்கம் வடிந்து, வாடை போய், சிவப்பு குறைந்ததும் "சரியாயிடுச்சு" என்று ஒரு மனிதர் நம்பினால் அதில் வியப்பில்லை. சோம்பல், அலட்சியம் என்று அவரைத் திட்டுவதற்கு முன்னால் இதை வீட்டில் உள்ளவர்கள் புரிந்துகொள்ள வேண்டும்.

வலி தெரியாத காலைப் பற்றி உலகத்துக்குப் பாடம் எடுத்தவர்களில் முக்கியமானவர் நம் கொல்லிமலையில் பிறந்தவர் என்பது பலருக்குத் தெரியாது. டாக்டர் பால் பிராண்ட், மிஷனரி பெற்றோருக்கு 1914இல் அங்கே பிறந்தார். 1946இல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்து தொழுநோயாளிகளின் கை, கால்களுக்கு அறுவை சிகிச்சை செய்தார். தொழுநோயாளியின் விரல் தானாக அழுகி விழுவதில்லை, வலி தெரியாமல் காயத்தின்மேல் காயம் பட்டே அழிகிறது என்பதைக் கண்டு சொன்னவர் அவர். 1966இல் அமெரிக்காவில் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போன பிறகு, வேலூரில் கற்றதைச் சர்க்கரை நோயாளிகளின் பாதங்களுக்கும் கொண்டுசென்றார். மரத்துப்போன காலை அதன் சொந்தக்காரர் கண்ணால்தான் காப்பாற்ற வேண்டும் என்று இன்று எல்லாப் பாத சிகிச்சைப் பிரிவிலும் சொல்கிறார்களே, அதற்கு வேர் தொழுநோய் வார்டில் இருக்கிறது.

சரி, வீக்கம் வடிந்த பிறகும் மாத்திரை எதற்கு? மாத்திரை வயிற்றில் கரைந்து, ரத்தத்தில் கலந்து, அந்த ரத்தத்தோடு பாதம் வரை போய்ச் சேர வேண்டும். சர்க்கரை நோயாளிகள் பலருக்குக் காலுக்குப் போகும் ரத்தக் குழாய்கள் குறுகியிருக்கும். மற்றவர்களுக்குப் போய்ச் சேரும் அளவு மருந்து இவர்களின் விரல் நுனிக்குப் போய்ச் சேராது. அதிலும் ஒரு வேளை தப்பினால் ரத்தத்தில் மருந்தின் அளவு இறங்கிவிடும்; மிச்சமிருக்கும் கிருமிக்கு அந்த இடைவெளி போதும். தொற்று எலும்பு வரை போயிருந்தால் பாடு இன்னும் பெரிது. செத்துப்போன எலும்புத் துணுக்குக்கு ரத்த ஓட்டமே இல்லை. கிருமிகள் அதன்மேல் படலம் கட்டிக்கொண்டு உள்ளே இருக்கும். கால் புண்களில் அதிகம் காணப்படும் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமி, எலும்பின் செல்லுக்குள்ளேயே நுழைந்து பதுங்கக்கூடியது. மேல்தோல் மூடிக்கொண்டதைப் பார்த்து உள்ளே அடங்கிவிட்டது என்று முடிவுகட்ட முடியாது.

எத்தனை நாள் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. நீரிழிவுப் பாதத்துக்கான பன்னாட்டுச் செயற்குழுவும் அமெரிக்கத் தொற்றுநோய் மருத்துவச் சங்கமும் சேர்ந்து 2023இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, தோலும் சதையும் மட்டும் பாதிக்கப்பட்டிருந்தால் பொதுவாக 1 முதல் 2 வாரம். தொற்று பரவலாக இருந்து மெதுவாகத்தான் குறைகிறது என்றாலோ, ரத்த ஓட்டம் மிகவும் மோசம் என்றாலோ 3, 4 வாரம் வரை நீட்டலாம். எலும்பில் தொற்று இருந்து, அந்த எலும்பை அகற்றாமல் மருந்தாலேயே ஆற்றுவதென்றால் 6 வாரம். பாதிக்கப்பட்ட எலும்பை அறுவை சிகிச்சையில் முழுக்க எடுத்துவிட்டால் சில நாளே போதும். எடுத்த பிறகும் விளிம்பில் கிருமி மிச்சமிருந்தால் 3 வாரம் வரை. பக்கத்து வீட்டுக்காரருக்குப் பத்து நாளில் முடிந்ததே, நமக்கு மட்டும் ஏன் ஒன்றரை மாதம் என்று கேட்கிறவர்களுக்கு இதுதான் பதில். வெளியே பார்க்க இரண்டு புண்ணும் ஒன்றுபோல இருக்கலாம்; உள்ளே எவ்வளவு ஆழம் என்பதுதான் நாளைத் தீர்மானிக்கிறது.

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். சில வீடுகளில் புண் முழுசாக மூடும்வரை ஆன்டிபயாடிக்கை விடாமல் போட்டுக்கொண்டே இருக்கிறார்கள். சீட்டை எடுத்துப் போய் அதே மாத்திரையை மறுபடி மறுபடி வாங்குகிறார்கள். ஆன்டிபயாடிக் தொற்றைத்தான் போக்கும், புண்ணை மூடாது. தொற்று அடங்கிய பிறகு புண் ஆற வேண்டுமானால் அந்த இடத்தில் உடம்பின் பாரம் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், செத்த தோலைச் சுத்தம் செய்து ஒழுங்காகக் கட்டு மாற்ற வேண்டும், சர்க்கரை இறங்க வேண்டும், ரத்தக் குழாய் அடைப்பு இருந்தால் அதைச் சரிசெய்ய வேண்டும். தொற்று இல்லாத புண்ணுக்கு ஆன்டிபயாடிக்கே வேண்டாம் என்கிறது அதே வழிகாட்டுதல். ஆகவே சொன்ன நாளுக்குக் குறையவும் கூடாது, நாமாக நீட்டவும் கூடாது.

வீட்டில் மாத்திரை போட்டு இவ்வளவு பெரிய தொற்று குணமாகுமா, ஆஸ்பத்திரியில் படுக்க வைத்து ஊசி போட்டால்தானே நல்லது என்ற சந்தேகமும் உங்கள் கடிதங்களில் இருந்தது. இதற்கு அழகான பதில் ஒன்று நம் சென்னையிலேயே இருக்கிறது. அது வேறொரு நோயைப் பற்றியது என்றாலும் விஷயம் இதுவேதான்.

1956இல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில், அன்றைய சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் நான்கும் சேர்ந்து ஏற்படுத்தியது. காசநோய் என்றால் சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுத்து, நல்ல காற்றும் நல்ல சாப்பாடும் ஓய்வும் எடுத்தால்தான் பிழைக்கலாம் என்று நம்பிய காலம் அது. டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில் நோயாளிகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியினர் சானடோரியத்தில். மறு பகுதியினர் நெரிசலான வீடுகளில், இல்லாமைக்கும் அரைவயிற்றுச் சாப்பாட்டுக்கும் நடுவே, அதே மாத்திரைகளோடு. ஒரு வருஷம் கழித்துப் பார்த்தபோது இரு சாராருக்கும் ஏறக்குறைய ஒரே பலன். 1959இல் வெளியான அந்த முடிவுக்குப் பிறகு உலகெங்கும் சானடோரியங்களின் தேவை குறைந்தது.

எனக்கு அந்த ஆய்வில் அதைவிடப் பெரிதாகத் தெரிவது இன்னொன்று. மாத்திரை வீட்டுக்குப் போகிறது, வாய்க்குள் போகிறதா? அதைத் தெரிந்துகொள்ளப் பணியாளர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மிச்ச மாத்திரையை எண்ணினார்கள். சிறுநீரைச் சோதித்து மருந்து உடம்பில் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்தார்கள். நல்லவர்கள், நம்பிக்கையானவர்கள் என்று நினைத்தவர்களும் விட்டிருந்தார்கள். யார் ஒழுங்காகப் போடுவார், யார் விடுவார் என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது, அதனால் எல்லோருக்கும் உதவி வேண்டும் என்பது அங்கே தெளிவானது. காசநோய்க்கு இன்னொருவர் கண்ணெதிரே மாத்திரை விழுங்கவைக்கும் முறை பின்னாளில் உலகம் முழுக்கப் போனதற்குச் சென்னையின் இந்த அனுபவமும் ஒரு காரணம்.

மாத்திரை போதுமா என்ற உங்கள் கேள்விக்கு, அறுபது வருஷம் கழித்து எலும்புத் தொற்றிலும் அதுபோன்ற பதில் வந்தது. பிரிட்டனில் 26 மையங்களில் எலும்பு, மூட்டுத் தொற்று வந்த 1,054 பேரிடம் நடந்த ஓவிவா என்ற ஆய்வு 2019இல் வெளியானது. முதல் ஆறு வாரம் ஒரு சாராருக்கு நரம்பு வழியாக ஊசி மருந்து, மறு சாராருக்கு வாய்வழி மாத்திரை. ஒரு வருஷ முடிவில் சிகிச்சை தோற்றது ஊசிக்காரர்களில் 14.6 சதவீதம், மாத்திரைக்காரர்களில் 13.2 சதவீதம். மாத்திரை ஊசிக்கு இளைத்ததில்லை. எல்லாக் கால் தொற்றுக்கும் மாத்திரை போதும் என்று இதற்குப் பொருள் இல்லை. காய்ச்சல், நடுக்கம், வேகமாகப் பரவும் சிவப்பு இருந்தால் ஆஸ்பத்திரியில் சேர்த்து ஊசிதான், பெரும்பாலும் அறுவை சிகிச்சையும்தான். ஆனால் "மாத்திரைதானே" என்று இளக்காரமாக நினைக்க இனி இடமில்லை.

பிறகு ஏன் மாத்திரையைப் பாதியில் விடுகிறார்கள்? எங்கள் பகுதி மருந்துக்கடையில் மாதாந்தர மாத்திரை வாங்க நின்றிருந்தபோது எனக்கு முன்னால் ஒரு பெண். முப்பத்தைந்து வயதிருக்கும். சீட்டை நீட்டி, "அண்ணே, இதுல மூணு நாளைக்கு மட்டும் குடுங்க" என்றார்.

"பத்து நாளைக்கு எழுதியிருக்காரேம்மா. புண்ணு யாருக்கு?"

"மாமனாருக்கு. சனிக்கிழமை சம்பளம் வந்ததும் மீதியை வாங்கிக்கிறேண்ணே."

கடைக்காரர் கத்தரியை எடுத்து அட்டையை வெட்டினார். ஆறு மாத்திரை. வெட்டிய துண்டில் மருந்தின் பெயர் பாதிதான் இருந்தது. காலாவதி தேதி கடையிலேயே தங்கிவிட்டது. அந்தப் பெண் அதை முந்தானையில் முடிந்துகொண்டு போனார். அன்று செவ்வாய்க்கிழமை. மூன்று நாள் மாத்திரை வெள்ளி காலையோடு முடிந்துவிடும். சம்பளம் சனிக்கிழமை. அதுவும் சொன்னபடி வந்தால்.

அவரிடம் அக்கறை இல்லை என்று யார் சொல்ல முடியும்? மாமனாரின் காலுக்காகக் கடை வாசலில் நின்றவர் அவர். நோயாளி மருந்தை விட்டார் என்று சீட்டில் எழுதப்படும் பல கதைகளுக்குப் பின்னால் இப்படி ஒரு வெள்ளிக்கிழமை இருக்கிறது. கையில் காசு தட்டுப்பாடு என்றால் டாக்டரிடமே சொல்லிவிடுங்கள், கூச்சப்பட வேண்டாம். அதே மருந்து வேறு கம்பெனியில் குறைந்த விலையில் இருக்கும். மக்கள் மருந்தகத்திலும் முதல்வர் மருந்தகத்திலும் கேட்டுப் பாருங்கள். அரசு மருத்துவமனையில் பணமே இல்லாமல் கிடைக்கும்.

காசு மட்டும் காரணமில்லை. தினம் மூன்று வேளை மாத்திரை என்றால் மதிய வேளைதான் முதலில் தப்பும். கொத்தனாரும் லாரி ஓட்டுநரும் மதியம் எங்கே இருப்பார்கள் என்று அவர்களுக்கே தெரியாது. இரண்டு வேளையில் முடிகிற மருந்து இருக்கிறதா என்று முதல் நாளே கேட்டுவிட்டால் பல சமயம் வழி பிறக்கும். ஒரு வேளை மறந்துவிட்டால் நினைவு வந்ததும் போடலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டது என்றால் விட்டுவிட வேண்டியதுதான். இரண்டையும் சேர்த்துப் போடக் கூடாது.

அடுத்தது வயிறு. அமாக்சிசிலின்-கிளாவுலனேட் போட்டால் பலருக்கு வயிற்றால் போகும். பஸ்ஸில் வேலைக்குப் போகிறவர் இரண்டு நாள் பொறுப்பார், மூன்றாம் நாள் மாத்திரையை நிறுத்திவிடுவார். சாப்பிட உட்காரும்போதே அதைப் போட்டுக்கொண்டால் தொந்தரவு குறையும். குறையவில்லை என்றால் டாக்டரிடம் போனால் மாற்றிக் கொடுப்பார். நீராக, அடிக்கடி போனாலோ ரத்தம் கலந்திருந்தாலோ அன்றைக்கே போக வேண்டும்.

நம் வீடுகளில் ஒரு பழக்கம்: "பாலோடு போடு, வயிறு எரியாது." பாசத்தில் சொல்வதுதான். ஆனால் சிப்ரோஃப்ளாக்சசின், டாக்சிசைக்ளின் மாதிரி மருந்துகளைப் பாலில் உள்ள கால்சியம் பிடித்துவைத்துக்கொள்கிறது. உடம்பில் சேரும் அளவு குறைந்துவிடும். கால்சியம் மாத்திரை, இரும்புச்சத்து மாத்திரை, வயிற்றெரிச்சலுக்கான ஜெலுசில் வகை மருந்து எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். மாத்திரை ஒரு வேளைகூடத் தப்பவில்லை, புண்ணும் ஆறவில்லை என்கிற வீட்டில் இந்தப் பால் டம்ளரையும் விசாரிக்க வேண்டும். தண்ணீரோடு போடுங்கள், பாலுக்கும் இந்த மாத்திரைக்கும் சில மணி நேர இடைவெளி இருக்கட்டும். டாக்சிசைக்ளின் போட்டவுடன் படுக்கவும் கூடாது; தொண்டைக்குக் கீழே உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கிவிடும்.

சர்க்கரை மாத்திரையோடு மோதும் மருந்துகளும் உண்டு. கிளிமிபிரைட் போடுகிறவர் சிப்ரோஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின், கோ-ட்ரைமாக்சசோல் இவற்றில் ஒன்றைச் சேர்த்தால் சர்க்கரை சட்டென்று இறங்கக்கூடும். வியர்த்துக் கொட்டி, படபடப்பும் கை நடுக்கமும் வந்தால் உடனே சர்க்கரையைக் கரைத்துக் கொடுத்துவிட்டு டாக்டரை அழையுங்கள். லினசோலிட் இரண்டு வாரத்துக்கு மேல் போனால் ரத்த அணுக்கள் குறைய வாய்ப்பிருக்கிறது, வாரம் ஒருமுறை ரத்தப் பரிசோதனை வேண்டும். எந்தெந்த மாத்திரை ஏற்கெனவே போடுகிறோம் என்று எல்லா அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போய்க் காட்டுவது, பெயரை நினைவிலிருந்து சொல்வதைவிட மேல்.

வீட்டில் அம்மாவுக்குப் புண் என்றால் நிலைமை தனி. அப்பாவின் மாத்திரையை அம்மா எண்ணி வைப்பார். அம்மாவின் மாத்திரையை யாரும் எண்ணுவதில்லை. எல்லோரும் சாப்பிட்ட பிறகு சாப்பிட்டு, பாத்திரம் கழுவி, படுக்கும்போது நினைவு வந்தால் போடுவார். மருந்து ஒழுங்காக உள்ளே போனாலும், அடுப்படியில் நாள் முழுக்க நின்றால் அந்தப் பாதத்துக்கு ஓய்வு ஏது? பிள்ளைகளே, மருமக்களே, இந்த வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். காலண்டரில் கடைசி மாத்திரை முடியும் தேதியை வட்டமிட்டு, ஒவ்வொரு வேளையும் போட்டதும் ஒரு கோடு போடுங்கள். ராத்திரி கட்டுப் பிரிக்கும்போது புண்ணைப் போனில் ஒரு படம் எடுத்துவையுங்கள். வலி சொல்லாததை அந்தப் படங்கள் டாக்டரிடம் சொல்லும்.

சிவப்பு பரவினாலோ, வாடை வந்தாலோ, விரல் கறுத்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ, காரணமில்லாமல் சர்க்கரை ஏறினாலோ மறுநாள் வரை காத்திருக்க வேண்டாம். மாத்திரை போட்டுக்கொண்டிருக்கும்போதும் இவை வரலாம். மஞ்சள் அப்புவதும் வெந்நீரில் காலை ஊறவைப்பதும் வேண்டவே வேண்டாம். சூடு தெரியாத கால் வெந்துபோவது அப்படித்தான். நடுத்தரமான அல்லது கடுமையான பாதத் தொற்றில் ஏறக்குறைய 20 சதவீதம் விரலையோ காலையோ எடுப்பதில் போய் முடிகிறது. 2023இல் வெளியான தேசிய ஆய்வின்படி நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை நோய். அதோடு சேர்த்துப் பார்த்தால் இது எத்தனை குடும்பங்களின் கவலை என்று புரியும்.

மீந்த மாத்திரையை அடுத்த முறைக்கென்று எடுத்துவைப்பதும், தம்பிக்கும் அதே மாதிரி புண் என்று தூக்கிக் கொடுப்பதும் வேண்டாம். அட்டையில் சிவப்புக் கோடு போட்ட மருந்து டாக்டர் சீட்டோடு வாங்க வேண்டியது. கண்டபடி போட்டால் கிருமிகள் மருந்துக்கு அடங்காமல் போகும். அப்படி அடங்காத கிருமிகளால் 2019இல் மட்டும் உலகில் 12.7 லட்சம் பேர் இறந்ததாகக் கணக்கிட்டிருக்கிறார்கள்.

டாக்டர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இந்த இதழ் உங்கள் காத்திருப்பு அறைகளிலும் கிடக்கிறது, தெரியும். சீட்டில் மாத்திரையின் பெயரோடு, முடிக்க வேண்டிய தேதியையும் தமிழில் எழுதிக் கொடுங்கள். "ஒழுங்கா சாப்பிடுறீங்களா?" என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். "போன வாரம் எத்தனை வேளை தப்பிச்சு? பரவாயில்ல, சொல்லுங்க" என்று கேட்டுப் பாருங்கள்.

அரசுக்கும் ஒன்று. 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வீடு தேடி வருகிறது. கதவைத் தட்டும் அந்தத் தன்னார்வலர் பெண்களுக்கு, "காலைக் காட்டுங்க ஐயா, புண் மாத்திரை எத்தனை மிச்சம் இருக்கு?" என்று கேட்கவும் பயிற்சி தர வேண்டும். அரசு மருத்துவமனைகளில் கால் புண்ணுக்கான ஆன்டிபயாடிக்கைச் சில நாளுக்கு மட்டும் கொடுத்து மறுபடி வரச் சொல்லாமல், எழுதிய நாள் முழுவதற்கும் ஒரே தடவையில் கொடுக்க வேண்டும். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வரிசையில் நிற்க முடியாதவர்கள்தான் மாத்திரையை விடுகிறார்கள்.

உங்கள் வீட்டில் ஆறு வார மாத்திரையை ஒரு வேளையும் தப்பாமல் முடித்தவர் யாராவது இருந்தால், எப்படி முடிந்தது, யார் துணை நின்றார்கள் என்று எங்களுக்கு எழுதுங்கள். அடுத்த இதழில் இந்தப் பக்கத்தை உங்களுக்கே விட்டுத்தருகிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்